விழுந்த இடத்திலேயே அழுத்துங்கள்: நினைவிழந்தவரைக் காப்பாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பேச்சின் நடுவே சரிந்து விழுந்தார். ஓடி வந்தவர்களில் ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார்; ஒருவர் சோடா வாங்கி வர ஓடினார்; ஒருவர் தெருமுனைக்குப் போய் ஆட்டோவை அழைத்து வந்தார். நான்கு பேர் அவரைத் தூக்கிப் பின்னிருக்கையில் சாய்த்து உட்காரவைத்து, இருபுறமும் தாங்கிப் பிடித்தபடி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மாலை நேர நெரிசலில் போய்ச் சேரப் பதினைந்து நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் அவருடைய நெஞ்சின்மேல் ஒரு கையும் படவில்லை. பட வேண்டும் என்பது எங்கள் நால்வரில் ஒருவருக்கும் தெரியாது. அதற்குப் பிறகுதான் நான் முறையாகப் பயிற்சி பெற்றேன். இப்போது என்னால் முடிந்த இடங்களில் பிறருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன்.

அந்த மாலையிலிருந்து நான் கற்றது ஒன்றுதான். நினைவின்றி, மூச்சும் சரியாக இல்லாமல் ஒருவர் கிடந்தால், அவரை விழுந்த இடத்திலேயே மல்லாக்கக் கிடத்தி நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். வண்டி அதற்குப் பிறகுதான். ஓடும் ஆட்டோவில் சரியான அழுத்தம் கொடுக்க எவராலும் முடியாது. இதயம் நின்ற ஒருவருக்கு யாரும் நெஞ்சை அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை ஏறக்குறைய 7 முதல் 10 விழுக்காடு குறைத்துவிடுகிறது. நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளை சேதமடையத் தொடங்குகிறது. ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைந்து வந்தாலும் அந்த முதல் சில நிமிடங்கள் பக்கத்தில் நிற்பவருக்கே உரியவை.

உடலுக்குள் என்ன நடக்கிறது

மாரடைப்பையும் இதயத் துடிப்பு நின்றுபோவதையும் நம்மில் பெரும்பாலோர் ஒன்றாகவே பேசுகிறோம். மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயில் ஏற்படும் அடைப்பு. அது வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வியர்த்துக் கொட்ட, உங்களிடம் பேசிக்கொண்டிருப்பார். அவருக்கு நெஞ்சை அழுத்தக் கூடாது. நடக்கவிடாமல் உட்காரவைத்து உடனே 108ஐ அழைக்க வேண்டும். இதயத் துடிப்பு நின்றவரோ சில நொடிகளில் நினைவிழந்துவிடுவார், கூப்பிட்டால் அசையமாட்டார், சரியாக மூச்சுவிடமாட்டார். மாரடைப்பு முற்றி இந்த நிலைக்குப் போகலாம். மின்சாரம் தாக்கினாலும், நீரில் மூழ்கினாலும், விஷவாயுவைச் சுவாசித்தாலும் இந்த நிலை வரலாம். காரணம் எதுவாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது ஏறக்குறைய ஒன்றே. அதைத்தான் சி.பி.ஆர். என்கிறோம், தமிழில் இதய நுரையீரல் மீட்பு என்று எழுதுகிறார்கள்.

முதல் படி: நீங்கள் விழாமல் இருப்பது

நெருங்குவதற்கு முன் ஒரு நொடி நின்று சுற்றிலும் பாருங்கள். இந்தப் படியை நான் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவராகவும் மூவராகவும் இறந்த செய்திகள் நம் பகுதியில் புதியவை இல்லை. 2024 ஜூன் 11 அன்று புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தை அடுத்த புதுநகரில், பாதாளச் சாக்கடையிலிருந்து கழிவறை வழியாக வீட்டுக்குள் ஏறிய விஷவாயுவால் மூன்று பேர் இறந்தார்கள். விழுந்த தாயைத் தூக்கப் போன மகளும் அதே வாயுவில் விழுந்தார். கழிவுநீர்த் தொட்டி, பாழுங்கிணறு, விசைப்படகில் மீன் போட்டுவைக்கும் அடியறை ஆகிய மூன்றிலும் இதே ஆபத்து உண்டு. அழுகிய மீனிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டையைப்போல் நாறும்; செறிவு கூடியதும் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் இல்லை என்பதை நம்பி யாரும் உள்ளே இறங்கக் கூடாது. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு இறங்குவதாலும் பயன் இல்லை. தீயணைப்புத் துறையை 101 அல்லது 112 எண்ணில் அழையுங்கள். வீட்டுக்குள் என்றால் கதவுகளையும் சன்னல்களையும் வெளியிலிருந்தே திறந்துவிடுங்கள்.

மின்சாரத்தைப் பற்றியும் புயலைக் கண்ட நமக்குத் தெரியும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல் ஆயிரக்கணக்கான மின்கம்பங்களைச் சாய்த்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோதும் தெருவெங்கும் தண்ணீர் நின்றது. வீட்டுக்குள் மின்சாரம் தாக்கியிருந்தால் மெயின் சுவிட்சை அணைத்த பிறகே அவரைத் தொட வேண்டும். அறுந்து விழுந்த தெருக்கம்பியாக இருந்தால், குச்சியால் தள்ளிவிடலாம் என்று எண்ணாமல், குறைந்தது பத்து மீட்டர் தள்ளி நின்று மின்வாரியத்துக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் செய்யுங்கள். தேங்கிய தண்ணீரிலும் மின்சாரம் பாயும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் விபத்து என்றால் உங்கள் வண்டியை விளக்கு எரியவிட்டு முன்னால் நிறுத்துங்கள். ஒருவரைத் தள்ளி நின்று வரும் வண்டிகளுக்குக் கை காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: பத்து நொடிக்குள் தெரிந்துகொள்வது

இரு தோள்களையும் தட்டி, "ஐயா, கண்ணைத் திறங்க, கேட்குதா?" என்று உரக்கக் கூப்பிடுங்கள். கன்னத்தில் அறைவதும் தலையைப் பிடித்து உலுக்குவதும் வேண்டாம். அசைவோ முனகலோ இல்லையென்றால், ஒரு கையால் நெற்றியைப் பின்னால் சாய்த்து, மறு கையின் இரண்டு விரல்களால் தாடையெலும்பை மேலே தூக்குங்கள். நினைவிழந்தவரின் நாக்கு தொண்டையை அடைத்துக்கொள்ளும். இப்படிச் செய்தால் வழி திறக்கும். உங்கள் காதை அவருடைய வாயருகே வைத்து, கண்களால் அவருடைய நெஞ்சைப் பாருங்கள். நெஞ்சு சீராக ஏறி இறங்குகிறதா, மூச்சுச் சத்தம் கேட்கிறதா, உங்கள் கன்னத்தில் காற்று படுகிறதா என்று பார்ப்பதற்குப் பத்து நொடிக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம். நாடி பார்க்க முயல வேண்டாம். பதற்றத்தில் நம் விரலில் துடிக்கும் நம்முடைய நாடியையே அவருடையதாக எண்ணிவிடுவோம்.

அதிக உயிர்களைப் பறிக்கும் தவறான கணிப்பு இந்த இடத்தில்தான் நேர்கிறது. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு, கரையில் போட்ட மீன் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப்போல, இடைவெளிவிட்டு ஒரு திணறல் மூச்சு வரும். சிலருக்குக் குறட்டை போன்ற சத்தம் கேட்கும். சுற்றி நிற்பவர்கள் "மூச்சு இழுத்துக்கிட்டு இருக்கு, உயிர் இருக்கு" என்று ஆறுதலடைந்து கையைக் கட்டி நிற்பார்கள். அது மூச்சே இல்லை. செத்துக்கொண்டிருக்கும் மூளைத்தண்டு தூண்டும் வெறும் தசை இழுப்பு அது. அந்த மூச்சால் நுரையீரலுக்குத் தேவையான காற்றும் வராது, இரத்தமும் ஓடாது. கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு இயல்பாக இல்லை என்ற இரண்டும் சேர்ந்தால் அழுத்தத் தொடங்கிவிடுங்கள்.

இதயம் நின்ற அந்தக் கணத்தில் கை கால்கள் சில நொடிகள் வெட்டி இழுப்பதும் உண்டு. உடனே "காக்காய் வலிப்பு" என்று சொல்லிக் கையில் சாவிக்கொத்தையோ இரும்புத் துண்டையோ திணிக்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. உண்மையான வலிப்புக்கும் இரும்பு உதவாது; வலிப்பு வந்தவரைச் சுற்றியுள்ள இடிபடும் பொருள்களை அகற்றி, வாயில் எதையும் வைக்காமல், இழுப்பு நின்றதும் மூச்சைப் பார்ப்பதே சரியான முறை. இழுப்பு நின்ற பிறகு மூச்சு சீராக இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். சீராக இல்லையென்றால் நெஞ்சை அழுத்த வேண்டும்.

மறுத்துச் சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. சந்தேகமாக இருக்கிறதே, இதயம் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவரை அழுத்திவிட்டால் கேடு வந்துவிடாதா என்று வகுப்புகளில் எப்போதும் யாராவது கேட்பார்கள். வலியும் சிறு காயமும் வரலாம். அவர் முனகுவார், கையைத் தள்ளுவார், நீங்கள் நிறுத்திவிடலாம். அழுத்தாமல் விட்டால் வரும் கேட்டுக்குத் திரும்ப வழி கிடையாது.

மூன்றாம் படி: அழைப்பு

"யாராவது 108க்குப் போன் பண்ணுங்க" என்று பொதுவாகக் கத்தினால் எல்லோரும் மற்றவர் செய்வார் என்று இருந்துவிடுவார்கள். ஒருவரை நேராகப் பார்த்து, "தம்பி, பச்சைச் சட்டை, நீ 108ஐக் கூப்பிடு, பேசி முடிச்சதும் எங்கிட்ட வந்து சொல்லு" என்று சொல்லுங்கள். தனியாக இருந்தால் கைபேசியில் ஒலிபெருக்கியைப் போட்டுத் தரையில் வைத்துவிட்டு, அழுத்தத் தொடங்கியபடியே பேசுங்கள். 108 கிடைக்காவிட்டால் 112.

"நினைவில்லை, மூச்சு இல்லை, நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கிறோம்" என்ற மூன்று செய்திகளையும் முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். பிறகு இடம். நம் பகுதியில் தமிழ்நாட்டு ஊர்களும் புதுச்சேரி ஊர்களும் பின்னிக் கிடக்கின்றன. ரெட்டிச்சாவடி கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது, அதை அடுத்த முள்ளோடையும் கன்னியக்கோயிலும் புதுச்சேரியில் இருக்கின்றன. ஆகவே ஊரின் பெயரோடு மாநிலத்தையும் பக்கத்தில் உள்ள கோயில், பள்ளி, பெட்ரோல் பங்க் போன்ற அடையாளத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒருவரைத் தெருமுனைக்கு அனுப்பி வண்டியை வழிகாட்டி அழைத்து வரச் சொல்லுங்கள்.

நான்காம் படி: அழுத்துவது

கட்டிலிலோ மெத்தையிலோ இருந்தால் தரைக்கு இறக்குங்கள். கயிற்றுக் கட்டிலிலும் பஞ்சு மெத்தையிலும் நீங்கள் கொடுக்கும் அழுத்தம் கட்டிலையே தாழ்த்தும், நெஞ்சு அமுங்காது. மல்லாக்கக் கிடத்தி, அவருடைய தோளருகே இரு முழங்கால்களையும் ஊன்றி உட்காருங்கள்.

நெஞ்சின் நடுவில், இரு மார்புகளுக்கும் இடையே ஓடும் மார்பெலும்பின் கீழ்ப்பாதியில், ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதியை, அதாவது மணிக்கட்டை ஒட்டிய தடித்த பகுதியை, வையுங்கள். மறு கையை அதன் மேல் வைத்து விரல்களைக் கோத்துக்கொள்ளுங்கள். விரல்கள் விலாவில் படாமல் தூக்கியிருக்கட்டும். வயிற்றுக்கு அருகே மார்பெலும்பு முடியும் நுனியில் அழுத்தக் கூடாது. முழங்கைகளை மடக்காமல் நேராக நிமிர்த்தி, உங்கள் தோள்கள் உங்கள் கைகளுக்கு நேர்மேலே வரும்படி முன்னால் சாய்ந்து, இடுப்பிலிருந்து உடலெடையை இறக்குங்கள். கைத்தசையின் வலுவை மட்டும் நம்பினால் ஒரு நிமிடத்தில் ஓய்ந்துபோவீர்கள்.

பெரியவர்களுக்கு ஆழம் 5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, 6 சென்டிமீட்டரைத் தாண்டவும் கூடாது. ஏறக்குறைய இரண்டு அங்குலம். முதல்முறை அழுத்துபவர்கள் அனைவரும் பயந்து பாதி ஆழத்தில் நிறுத்திவிடுகிறார்கள். முதியவர்களுக்கு விலா எலும்பு நொறுங்கும் சத்தம்கூடக் கேட்கலாம். கையின் இடம் சரியா என்று பார்த்துக்கொண்டு தொடருங்கள், எலும்பு பிறகு கூடிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுவதுமாக மேலே எழ விடுங்கள், ஆனால் கையை எடுத்துவிடாதீர்கள். அழுத்தும்போது இதயத்திலிருந்து இரத்தம் வெளியே போகிறது, விடும்போதுதான் உள்ளே நிரம்புகிறது; நெஞ்சின்மேல் சாய்ந்தபடியே அழுத்தினால் நிரம்புவதற்கு இடமிருக்காது.

வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை. நொடிக்கு இரண்டைவிடச் சற்றுக் குறைவு என்று நினைவில் வையுங்கள். தமிழில் எண்ணும்போது ஒரு சிக்கல் உண்டு. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று பத்துவரை சொற்கள் குறுகியவை. பதினொன்று, இருபத்தேழு என்று போகப் போக நீண்டு, நம்மை அறியாமலே கை தாமதித்துவிடும். அதனால் பத்துவரை எண்ணுவதை மூன்று முறை செய்யுங்கள். முப்பது கணக்கு வந்துவிடும், வேகமும் மாறாது. இதை உரக்க எண்ணினால் அடுத்து மாற வேண்டியவரும் தயாராக இருப்பார்.

இடைநிறுத்தம் ஏன் கூடாது என்பதை அடிபம்பை வைத்துத்தான் விளக்குவேன். பம்பை விடாமல் அடிக்கும்வரை தண்ணீர் கொட்டும். நிறுத்திவிட்டு மறுபடி அடித்தால் சில அடிகள் வெறுமையாகப் போன பிறகே தண்ணீர் ஏறும். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் அழுத்தமும் அப்படியே. மிகச் சரியாக அழுத்தினாலும் இயல்பான இரத்த ஓட்டத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரைதான் கிடைக்கும். அதையும் அடிக்கடி நிறுத்தி வீணாக்கக் கூடாது. முகத்தைத் துடைக்க, உறவினருக்குப் பதில் சொல்ல, இன்னொரு முறை மூச்சைப் பார்க்க என்று நிறுத்தாதீர்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். சோர்வு தெரிவதற்கு முன்பே ஆழம் குறைந்துவிடும் என்பதால், "எனக்கு இன்னும் தெம்பு இருக்கிறது" என்று மறுக்க வேண்டாம். அடுத்தவர் எதிர்ப்பக்கத்தில் மண்டியிட்டுத் தயாராக இருந்தால் மாறுவதற்கு இரண்டு நொடி போதும்.

விழுந்தவர் பெண்ணாக இருந்தால் கூட்டத்தில் உள்ள ஆண்கள் பின்வாங்குவதையும், பெண்கள் வரட்டும் என்று காத்திருப்பதையும் பார்க்கிறேன். புடவையோ சுடிதாரோ இருக்கட்டும், அதன் மேலேயே அழுத்தலாம். தாலிக்கொடியையும் நகையையும் தோள்பக்கம் ஒதுக்கினால் போதும். இரண்டு பெண்களை நிறுத்தி ஒரு துப்பட்டாவையோ வேட்டியையோ மறைப்பாகப் பிடிக்கச் சொல்லுங்கள்; நீங்கள் தயங்காமல் தொடங்குங்கள். வெட்கம் பார்த்துக் கழியும் நான்கு நிமிடம் ஒரு தாயின் மூளையைத் தின்றுவிடும்.

இதைப் படித்து மட்டும் கை பழகாது. தரையில் கெட்டியான தலையணை ஒன்றைப் போட்டு, இரண்டு நிமிடம் கடிகாரம் வைத்து அழுத்திப் பாருங்கள். எத்தனை பேர் தேவை என்பது அப்போதுதான் புரியும்.

வாய்வழி மூச்சு

பயிற்சி இல்லாதவர்களும் விருப்பமில்லாதவர்களும் நெஞ்சை மட்டும் அழுத்தினால் போதும். இந்திய மயக்கவியலாளர் சங்கம் 2017இல் பொதுமக்களுக்காக வகுத்த முறையும் மூச்சு கொடுப்பதை விட்டுவிட்டு அழுத்தத்தை மட்டுமே சொல்கிறது. இதயம் திடீரென நின்றவரின் இரத்தத்தில் முதல் சில நிமிடங்களுக்கு ஆக்சிஜன் மிச்சமிருக்கும். அதைச் சுற்றவைப்பதே அவசரத் தேவை.

பயிற்சி பெற்றவர்கள் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்ற கணக்கில் கொடுக்கலாம். தலையைச் சாய்த்துத் தாடையைத் தூக்கி, மூக்கை விரல்களால் பொத்தி, உங்கள் வாயால் அவருடைய வாயை முழுவதுமாக மூடி, ஒரு நொடி நேரம் ஊதுங்கள். நெஞ்சு எழுவது கண்ணுக்குத் தெரிந்தால் போதும். பலமாக ஊதினால் காற்று வயிற்றுக்குப் போய் வாந்தி வரும். நெஞ்சு எழவில்லையென்றால் தலையை மறுபடி சரிசெய்து ஒரே ஒருமுறை முயன்றுவிட்டு அழுத்தத்துக்குத் திரும்புங்கள். இரண்டு மூச்சுக்கும் சேர்த்துப் பத்து நொடிக்கு மேல் ஆகக் கூடாது. நீரில் மூழ்கியவர்கள், குழந்தைகள், மூச்சு முட்டி விழுந்தவர்கள் ஆகியோருக்கு மட்டும் மூச்சு மிக முக்கியம்.

ஏ.இ.டி. கருவி கிடைத்தால்

மின்னதிர்வு கொடுக்கும் இந்தத் தானியங்கிக் கருவி விமான நிலையங்களிலும் சில பெரிய நிறுவனங்களிலும் இருக்கும். யாரேனும் கொண்டு வந்தால் முதலில் அதை இயக்குங்கள். அது பேசும், அதன்படி செய்யுங்கள். ஈரத்தைத் துடைத்துவிட்டு ஒரு பட்டையை வலது கழுத்தெலும்புக்குக் கீழும் மற்றதை இடது அக்குளுக்குக் கீழே விலாப்பக்கத்திலும் ஒட்ட வேண்டும். ஒட்டும் நேரத்திலும் மற்றவர் அழுத்தத்தை நிறுத்த வேண்டியதில்லை. கருவி ஆராயும்போதும் அதிர்வு கொடுக்கும்போதும் மட்டும் அனைவரும் விலக வேண்டும். அடுத்த நொடியே மறுபடி அழுத்தம்.

மூச்சு இருக்கிறது, நினைவு மட்டும் இல்லை என்றால்

இவருக்கு நெஞ்சை அழுத்த வேண்டாம். அவருடைய பக்கத்தில் மண்டியிட்டு, உங்கள் பக்கம் உள்ள கையைத் தோளுக்கு நேராக விரித்துவையுங்கள். எதிர்ப்பக்கக் கையைக் கொண்டுவந்து அதன் புறங்கையை உங்கள் பக்கக் கன்னத்தோடு சேர்த்துப் பிடியுங்கள். எதிர்ப்பக்க முழங்காலை மடக்கி உங்களை நோக்கி இழுத்தால் உடல் ஒருக்களித்துத் திரும்பும். வாய் தரையை நோக்கி இருந்தால் எச்சிலும் வாந்தியும் வெளியே வழியும். நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சைப் பாருங்கள்; அது தடுமாறினால் மல்லாக்கத் திருப்பி அழுத்துங்கள்.

நினைவில்லாதவர் வாயில் தண்ணீர், சோடா, காபி, சர்க்கரை எதையும் ஊற்றாதீர்கள். விழுங்கத் தெரியாத தொண்டையில் அது நேராக நுரையீரலுக்குப் போகும். சர்க்கரை நோயாளி என்று தெரிந்தாலும் இதே விதிதான். வெங்காயத்தையோ செருப்பையோ மூக்கில் பிடிப்பதும் நேரத்தை வீணாக்கும்.

கடலும் ஆறும்

தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையிலும், கெடிலத்திலும், தென்பெண்ணையிலும், வீராம்பட்டினத்திலும், சுண்ணாம்பாற்றிலும் குளிக்கப் போனவர்கள் மூழ்கும் செய்தியை நாம் ஆண்டுதோறும் படிக்கிறோம். நீச்சல் தெரிந்தாலும் வெறுங்கையோடு பாயாதீர்கள். மூழ்குபவர் பிடித்துக்கொண்டால் இருவரும் போவீர்கள். மூடியிட்ட காலித் தண்ணீர் கேன், வலையின் மிதவை, முடிச்சிட்ட புடவை, கயிறு என்று எது கிடைக்கிறதோ அதை எறிந்து பிடிக்கச் செய்யுங்கள். பக்கத்தில் மீனவர்கள் இருந்தால் அவர்களைக் கூப்பிடுங்கள். அந்தக் கடலை அவர்களைவிட அறிந்தவர் இல்லை.

கரைக்குக் கொண்டு வந்ததும் அலை எட்டாத, மணல் இறுகிய இடத்தில், கரைக்கு இணையாகக் கிடத்துங்கள். தலை சரிவில் மேலாகவோ கீழாகவோ இருக்கக் கூடாது. பிறகு நாம் காலங்காலமாகச் செய்துவரும் ஒன்றைக் கைவிட வேண்டும். தோளில் தலைகீழாகப் போட்டுச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீரைக் கக்கவைப்பதும் பயன் தராதவை. வெளியே வரும் தண்ணீர் பெரும்பாலும் வயிற்றிலிருந்து வருவது. நுரையீரலுக்குள் போன நீர் இப்படி வெளிவராது. வயிற்றை அமுக்கினால் அங்குள்ள உணவும் புளித்த நீரும் மூச்சுக்குழாயில் இறங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூச்சு கொடுக்க வேண்டிய நிமிடங்கள் பறிபோகும்.

மூழ்கியவரின் இதயம் மூச்சு இல்லாததால் நின்றது. அவருடைய இரத்தத்தில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டிருக்கும். ஆகவே இங்கு வரிசை மாறுகிறது. தலையைச் சாய்த்து முதலில் மூச்சு கொடுங்கள். ஐரோப்பிய வழிகாட்டுதல் 5 மூச்சும் அமெரிக்க வழிகாட்டுதல் 2 மூச்சும் சொல்கின்றன, எதைச் செய்தாலும் மூச்சில் தொடங்குவதே முக்கியம். அதன்பின் 30க்கு 2 என்று தொடருங்கள். வாயில் நுரை வந்துகொண்டே இருந்தால் அதைத் துடைத்துக்கொண்டிருக்காமல் அதன் வழியாகவே ஊதுங்கள். வாந்தி வந்தால் மட்டும் உடலைப் பக்கவாட்டில் திருப்பி வாயைச் சுத்தம் செய்துவிட்டுத் தொடருங்கள். எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகிறேன்" என்று சொல்பவரையும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். சில மணி நேரம் கழித்தும் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு திணறலாம்.

குழந்தைகளும் வேறு சில நிலைகளும்

குழந்தையின் இதயம் பெரும்பாலும் மூச்சுத் தடையாலேயே நிற்கிறது. மூச்சு கொடுப்பதைத் தவிர்க்க வேண்டாம். ஒரு வயதுக்கு உட்பட்ட கைக்குழந்தையின் நெஞ்சை இரு கைகளாலும் சுற்றிப் பிடித்து, இரு கட்டை விரல்களால் மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் சுமார் 4 சென்டிமீட்டர் அழுத்துங்கள். வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, கன்னத்தில் அடங்கும் அளவு காற்றை மட்டும் ஊதுங்கள். தலையை அதிகம் சாய்க்காமல் நேராக வையுங்கள். அதற்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஒரு கையோ இரு கையோ கொண்டு சுமார் 5 சென்டிமீட்டர். நீங்கள் தனியாக இருந்தால், கைபேசி கையில் இல்லாத நிலையில், இரண்டு நிமிடம் செய்துவிட்டு உதவியை அழைக்கப் போங்கள்.

கர்ப்பிணிக்கும் அதே இடம், அதே ஆழம். வயிறு தொப்புளுக்கு மேல் பெருத்திருந்தால் இன்னொருவர் வயிற்றை அவருடைய இடப்பக்கம் கையால் தள்ளிப் பிடிக்க வேண்டும், இல்லையேல் கருப்பை பெரிய இரத்தக்குழாயை நசுக்கும்.

பண்ருட்டி முந்திரித் தோப்புகளிலும் வயல்வெளி வீடுகளிலும் இரவில் தரையில் படுப்பவர்களைக் கட்டுவிரியன் கடிப்பதுண்டு. அதன் நஞ்சு தசைகளைச் செயலிழக்கச் செய்து மூச்சை நிறுத்தும். இமை திறக்காது, கண்மணியும் அசையாது, ஆனாலும் அவர் உயிரோடு இருக்கலாம். இறந்துவிட்டார் என்று முடிவு கட்டாமல் மூச்சு கொடுத்துக்கொண்டே இருந்தால், நச்சு முறி மருந்து கிடைக்கும் இடம்வரை அவரைக் கொண்டுசேர்க்க முடியும். பூச்சிமருந்து குடித்தவருக்கு மட்டும் வாய்வழி மூச்சு வேண்டாம், அது உங்களையும் தாக்கும். நெஞ்சை அழுத்துங்கள், நனைந்த உடையைக் களையுங்கள், உங்கள் கைகளையும் கழுவிக்கொள்ளுங்கள்.

சாப்பிடும்போது தொண்டையில் சிக்கி, பேசவும் இருமவும் முடியாமல் கழுத்தைப் பிடித்துக்கொள்பவருக்கு முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே 5 முறை தட்டி, பிறகு பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்கு மேலே 5 முறை உள்நோக்கி மேலே இழுத்து அமுக்குங்கள். நினைவிழந்தால் தரையில் கிடத்தி நெஞ்சை அழுத்துங்கள்; மூச்சு கொடுக்கும் முன் வாய்க்குள் பார்த்து, கண்ணுக்குத் தெரியும் பொருளை மட்டும் எடுங்கள்.

சட்டத்தைப் பற்றிய அச்சம்

"நாளைக்கு போலீஸ், கோர்ட்டுன்னு அலையணும்" என்ற பயம் பல கைகளைக் கட்டிப்போடுகிறது. சாலை விபத்தில் உதவியவர்களைக் காக்கும் விதிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30 அன்று உறுதிசெய்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. நீங்கள் பெயரையும் முகவரியையும் சொல்லக் கட்டாயமில்லை. விபத்து அல்லாத இடத்திலும், ஒருவரின் நன்மைக்காக நல்லெண்ணத்துடன், அவருடைய ஒப்புதலைப் பெற முடியாத நிலையில் செய்யும் செயலைப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு காத்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆம் பிரிவு காக்கிறது.

எதுவரை தொடர்வது, யாரிடம் ஒப்படைப்பது

அவர் கண் விழித்தாலோ, அசைந்தாலோ, இயல்பாக மூச்சுவிடத் தொடங்கினாலோ நிறுத்தலாம். அந்த இடம் ஆபத்தானாலும், மாற்ற ஆளின்றி உங்கள் உடல் முற்றிலும் ஓய்ந்தாலும் நிறுத்த வேண்டியதுதான். "போதும்பா, போயிட்டாரு" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்வதற்காக நிறுத்தக் கூடாது. அதைச் சொல்லும் தகுதி மருத்துவருக்கு மட்டுமே உண்டு.

108 ஊழியர்கள் வந்து இறங்கியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசாமல், ஒருவர் மட்டும் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு விழுந்தார், விழுந்ததை யாராவது பார்த்தார்களா, எத்தனை மணிக்கு அழுத்தத் தொடங்கினீர்கள், ஏ.இ.டி. அதிர்வு கொடுக்கப்பட்டதா, நெஞ்சுவலி, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஏதேனும் இருந்ததா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார். மாத்திரைப் பட்டையும் மருத்துவச் சீட்டும் வீட்டிலிருந்தால் கையோடு கொடுத்தனுப்புங்கள். இவற்றையெல்லாம் இன்னொருவர் சொல்லிக்கொண்டிருக்க, நீங்கள் அழுத்துவதை விட்டு எழுந்துவிடாதீர்கள். ஊழியர் எதிர்ப்பக்கம் மண்டியிட்டு, உங்கள் எண்ணிக்கையோடு சேர்ந்து தன் கையை வைக்கும்போதுதான் உங்கள் கையை எடுக்க வேண்டும்.